இரண்டு பாட்டில் இத்தாலி, மூன்று பாட்டில் நாசிக், ஒரு ஜாடி பன்னீர் திராட்சை

அக்காவுக்கும் மாமாவுக்கும் கல்யாணமாகி இந்தத் தையோடு 25 வருஷம். பொங்கல் லீவில் எல்லாரும் குன்னூர் வீட்டில் கூடுகிறோம். பிரியாணிக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, மட்டன் மிளகு வறுவல் அக்காவே செய்கிறாள், கேக்குக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஒயினை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்கள். குடும்பத்தில் ஒயினைப் பற்றி ஏதோ தெரிந்தவன்போலப் பேசுகிறவன் நான்தான். வாய்க்கு வந்த வினை.

மாமாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. “ஆர்கானிக்கா இருக்கணும் மாப்ளே. குடும்பமா பார்த்துச் செய்யுற தோட்டத்துச் சரக்கா இருக்கணும். அதுலதான் கெமிக்கல் இருக்காது, காலையில தலைவலி வராது.” இதில் ஒரு பாதி சரி, ஒரு பாதி தப்பு என்று அன்றே சொல்லியிருப்பேன். வெள்ளிவிழா மாப்பிள்ளையிடம் யார் வாதாடுவது?

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. இத்தாலியில், மிலானில் படிக்கும் அக்கா மகன் ஊருக்கு வரும்போது அங்கே டஸ்கனியில் ஒரு குடும்பத் தோட்டத்து ஆர்கானிக் ஒயின் கொண்டு வருவது. டாஸ்மாக் எலைட் கடையில் நாசிக், நந்தி மலைப் பக்கத்து ஒயின் வாங்குவது. அல்லது, குன்னூரில் கிறிஸ்துமஸ் என்றாலே நினைவுக்கு வரும் வீட்டு ஒயின்.

கடைசியதை முதலில் முடித்துவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி கம்பம் பக்கத்திலிருந்து மார்க்கெட்டுக்கு வரும் கறுப்புப் பன்னீர் திராட்சையைக் கூடையோடு வாங்குவார். கழுவி, துடைத்து, கையாலேயே பிசைந்து, ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடியில் சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கிராம்பு எல்லாம் போட்டுத் துணியால் வாய் கட்டுவார். இருபத்தொரு நாள், தினமும் மரக்கரண்டியால் ஒரு கிண்டு. கடைசியில் சர்க்கரையைக் கருக்கி ஊற்றினால் நிறம் ஏறும். மே, ஜூனில் பிளம்ஸ் மலிந்தால் அதிலும் ஒரு ஜாடி. அவர் ஜாடியைத் திறக்கும் நாளில் வாசல்வரை அடிக்கும் அந்தப் புளித்த பழ வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

ஆனால் அது பிளம் கேக்கோடு ஒரு சின்ன கிளாஸ் குடிக்கிற இனிப்புப் பண்டம். பிரியாணிக்குப் பக்கத்தில் வைத்தால் பாயசத்தையும் சோற்றையும் பிசைந்து தின்ற கதைதான். தவிர, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ‘ஹோம் மேட்’ என்று யாராவது காதில் கிசுகிசுத்து விற்றால், அதில் எவ்வளவு ஆல்கஹால் என்று செய்தவருக்கே தெரியாது. இருபது பேர் கூடும் வீட்டில் அந்த வம்பு வேண்டாம். அதனால் பன்னீர் திராட்சை வரும், ஜாடியும் வரும். ஆனால் கொதிக்கவைத்து வடிகட்டிய ஜூஸாக, அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை அது. ரோஜாப்பூ போன்ற அந்த மணத்துக்கு ஒயினாக மாற வேண்டிய அவசியமும் இல்லை.

மிச்சம் இரண்டு.

அக்கா மகன் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பினான். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நமக்கு இத்தாலி மொழி தெரியாவிட்டாலும் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, பச்சைக் கட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரங்களால் வரைந்த இலை. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்கானிக் முத்திரை. அதையொட்டி ‘ஐ.டி.-பி.ஐ.ஓ.’ என்று தொடங்கி எண்ணோடு முடியும் ஒரு குறியீடு இருக்க வேண்டும். எந்தச் சான்று அமைப்பு தோட்டத்தைச் சோதித்தது என்பதை அது சொல்லும். இலைப் படம் மட்டும் இருந்து எண் இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

இரண்டாவது, ‘இம்போத்திலியாத்தோ அல்லோரிஜினே’ என்ற வாசகம். திராட்சையை விளைவித்தவர்களே பாட்டிலில் அடைத்தார்கள் என்று பொருள். நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தன் தோட்டத்து இலையைத் தன் ஃபேக்டரியிலேயே அரைக்கும் எஸ்டேட் ஒன்று. பத்து ஊர்ச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஒன்றாகக் கொட்டி அரைக்கும் ஃபேக்டரி இன்னொன்று. இரண்டாவது மட்டம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வருஷக்கணக்காகக் குடிப்பது இண்ட்கோ கூட்டுறவுத் தூள்தான். ஆனால் ‘குடும்பத் தோட்டம்’ என்று காசு வாங்கும்போது அது முதல் வகையாக இருக்க வேண்டும் அல்லவா? இத்தாலியில் கூட்டுறவுச் சங்கமும் இந்த வாசகத்தைப் போடலாம். அதனால்தான் மூன்றாவது அடையாளம்: தலையில் திராட்சைக் கூடையைச் சுமந்து நடக்கும் ஒரு சின்ன மனித உருவம். சொந்தக் கொடியில் விளைவித்து, சொந்தமாக ஒயின் செய்து, தாங்களே பாட்டிலில் அடைப்பவர்களின் சங்கம் 2008-இல் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் சின்னம் அது. கொழுந்துக் கூடை சுமக்கும் நம் ஊர் அம்மாக்களைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி சம்மதம் வந்துவிட்டது.

சரி, மாமாவின் ‘கெமிக்கல் இல்லாதது’?

ஆர்கானிக் என்றால் மருந்தே அடிப்பதில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். திராட்சைக்கொடிக்குச் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் பரம எதிரிகள். ஆர்கானிக் தோட்டத்திலும் கந்தகமும் போர்டோ கலவையும் தெளிப்பார்கள். போர்டோ கலவை என்றால் வேறொன்றும் இல்லை, மயில்துத்தமும் சுண்ணாம்பும். 1880-களில் பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் பிறந்ததால் அந்தப் பெயர். நம் மலை உருளைக்கிழங்குக்கும் அதே மருந்துதான், தேயிலையின் கொப்புள நோய்க்கும் தாமிர மருந்துதான். ஐரோப்பாவில் இதற்கு உச்சவரம்பு உண்டு: ஏழு வருஷத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம், அதாவது வருஷத்துக்குச் சராசரி 4 கிலோ. செயற்கைக் களைக்கொல்லி, செயற்கைப் பூச்சிக்கொல்லி, ரசாயன உரம் இவை கூடாது. பழைய தோட்டம் ஒன்று ஆர்கானிக் பெயர் வாங்க மூன்று வருஷம் இப்படி நடத்திக் காட்ட வேண்டும். அந்த மூன்று வருஷமும் விளைச்சல் குறையும், கூடுதல் விலை கிடைக்காது. ஒரு குடும்பம் அதைத் தாங்கி நின்றது என்பதற்காகவே நான் மதிப்பேன். மண்ணுக்கும் அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் நல்லது. மாமாவின் தலைக்கு நல்லதா என்பது வேறு கேள்வி.

தலைவலிக்கு எல்லாரும் பழி போடுவது சல்ஃபைட் மீது. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடுதான் அது. நம் நாட்டுப் பாட்டில்களில் 220, 224 என்ற எண்களில் இருக்கும். ஐரோப்பிய விதியில் இனிப்பில்லாத சாதாரணச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம், ஆர்கானிக்கில் 100 வரை. ஆக, ஆர்கானிக்கிலும் உண்டு, குறைவாக உண்டு, அவ்வளவுதான். 2012-க்கு முன்னால் ஐரோப்பாவில் ‘ஆர்கானிக் ஒயின்’ என்று போடவே விதி கிடையாது. ‘ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்’ என்றுதான் போட்டார்கள். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ‘ஆர்கானிக் ஒயின்’ என்று போட சல்ஃபைட் சேர்க்கவே கூடாது. கலிபோர்னியாவின் மெண்டோசினோ பகுதியில் 1980-இல் தொடங்கிய ஃப்ரே என்ற குடும்பத் தோட்டம் அப்படிச் சேர்க்காமலே செய்கிறது. சேர்க்காவிட்டாலும் புளிக்கும்போது தானாகவே கொஞ்சம் உண்டாகும் என்பது தனி.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளை ஒயினில்தான் சல்ஃபைட் அதிகம். சிவப்பில் தோலின் துவர்ப்பே பாதிக் காவல் காக்கும். பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் விற்கும் உலர்ந்த ஆப்ரிகாட்டில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். மாமா அதை டப்பா டப்பாவாகத் தின்பார், தலைவலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு சல்ஃபைட் நிஜமாகவே ஆகாது. அவர்கள் கவனிக்கத்தான் வேண்டும். மற்றபடி மறுநாள் தலைவலிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது நான்காவது கிளாஸை. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும்.

சல்ஃபைட் குறைந்தால் ஒயினுக்கும் பொறுமை குறையும். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். மூன்று வருஷம் முன்னால் நண்பர் ஒருவர் சல்ஃபைட்டே சேர்க்காத ஆர்கானிக் பாட்டில் ஒன்று கொடுத்தார். ஏப்ரல் மாசம். கோயம்புத்தூரிலிருந்து வரும் வழியில் மேட்டுப்பாளையத்தில் காரை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டேன், சாப்பிட்ட கையோடு வாழைத்தார் பேரம் வேறு. திரும்பி வந்து டிக்கியைத் திறந்தால் கார்க் அரை அங்குலம் மேலே எழும்பி நிற்கிறது, அடியில் விரித்திருந்த துணியெல்லாம் பிசுபிசு. பர்லியார் தாண்டி வளைவு வளைவாக ஏறும்போது கார் முழுக்கக் காடி வாசனை. வீட்டுக்கு வந்து குடித்துப் பார்த்தோம். உலர்திராட்சையை வேகவைத்த தண்ணீரில் புளியைக் கரைத்த மாதிரி இருந்தது. தப்பு பாட்டிலின் மேல் இல்லை, என் மேல்தான். இந்த முறை மருமகன் விமானத்திலிருந்து இறங்கியதும் பாட்டில்கள் கால்சட்டைக்குள் சுருட்டிய கோலத்தில், ஏசி போட்ட காரின் உள்ளே, காலடியில் வர வேண்டும் என்று கட்டளை போட்டிருக்கிறேன். ஜனவரி என்பதால் கொஞ்சம் நிம்மதி.

இனி நம் நாட்டுச் சரக்கு. எங்கள் மலையிலேயே ஏன் இல்லை என்று வீட்டில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். திராட்சை பழுக்கும்போது மழை ஆகாது. எங்களுக்கோ ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவம், குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவம், இடையில் மூடுபனி. மண்ணும் புளிப்பு மண். தேயிலைக்கு அமிர்தம், திராட்சைக்கு ஆகாது. நாசிக்கில் அக்டோபரில் கவாத்து செய்தால் மழையில்லாத குளிர்காலம் முழுக்கக் காய்த்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை. நாங்கள் இங்கே கிளாஸைத் தூக்கும் நேரத்தில் அங்கே குலை வெட்டிக்கொண்டிருப்பார்கள். டஸ்கனியில் அறுவடை செப்டம்பர், அக்டோபர்.

குடும்பம் என்ற சொல் இங்கேயும் இல்லாமல் இல்லை. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இருக்கும் ஃப்ராத்தெல்லி நிறுவனத்தின் பெயருக்கே இத்தாலியில் ‘சகோதரர்கள்’ என்று அர்த்தம். இத்தாலியிலிருந்து ஒரு சகோதரர் கூட்டமும் இங்கிருந்து இரண்டு கூட்டமும் சேர்ந்து தொடங்கியது. அக்கா மகன் கொண்டுவரும் டஸ்கனி ஒயினில் இருக்கும் அதே சாஞ்சொவேஸே என்ற திராட்சை வகையை அவர்கள் மகாராஷ்டிர வெயிலில் வளர்க்கிறார்கள். ஆக, ‘குடும்பம்’ என்பது மூன்று ஏக்கர்காரரும் போடலாம், முன்னூறு ஏக்கர்காரரும் போடலாம்.

எனக்கு முடிவைச் சொன்னது லேபிள் இல்லை, மெனு. மட்டன் மிளகு வறுவலுக்கு ஷிராஸ் திராட்சையைப்போலப் பொருத்தம் வேறில்லை, அதற்குக் காரணமும் உண்டு. மிளகுக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் தோலிலும் இருப்பதை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் மூக்கிலேயே ஏறாதாம். எங்கள் வீட்டில் அது யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஆசை. சாஞ்சொவேஸே வேறு குணம்: புளிப்பு தூக்கல், துவர்ப்பும் உண்டு. தக்காளி சேர்த்த குழம்போடு அழகாகப் போகும். பச்சைமிளகாய்க் காரத்தோடு மட்டும் சேரவே சேராது. நாக்கு எரிகிற நேரத்தில் துவர்ப்பு வந்தால், ஆறிப்போன கடும் டிக்காஷனைக் குடித்த மாதிரி இருக்கும். டீயில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவதுபோல, கறியின் கொழுப்பு ஒயினின் துவர்ப்பை அடக்கும். ஆனால் எங்கள் பிரியாணிக்காரர் காரத்தில் கருணை காட்டுகிறவர் இல்லை. அங்கே வெயிலில் நன்றாகப் பழுத்த, துவர்ப்பு குறைந்த நாசிக் ஷிராஸ்தான் தாக்குப்பிடிக்கும்.

விலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இத்தாலிப் பாட்டிலை அவன் தோட்டத்திலேயே 14 யூரோ கொடுத்து வாங்கியிருக்கிறான். ஒரு ஆள் இரண்டு லிட்டர் வரை சுங்கமில்லாமல் கொண்டுவரலாம், அதனால் இரண்டு பாட்டில் தாராளம். அதையே இங்கே இறக்குமதி செய்து வாங்கியிருந்தால் கதையே வேறு. வெளிநாட்டு ஒயினுக்கு நெடுங்காலம் 150 சதவீத வரி இருந்தது. நாசிக் ஒயின் ஆயிரம் ரூபாய்க்கு முன்னும் பின்னும்.

கணக்கு இது. குடிக்கிறவர்கள் ஒன்பது பேர். 750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் பதினெட்டு. நாசிக் ஷிராஸ் மூன்று, இத்தாலி ஒன்று, மொத்தம் இருபது கிளாஸ். இரண்டாவது இத்தாலி பாட்டிலைத் திறக்கவே போவதில்லை. மாடிப்படிக்குக் கீழே, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் இருட்டில் படுக்கவைப்பேன். நல்ல சாஞ்சொவேஸே சில வருஷம் தாங்கும், குன்னூர் குளிர் இருக்கவே இருக்கிறது. மருமகன் படிப்பு முடித்து வரும் நாளில் எடுக்கலாம்.

இத்தாலியைச் சாப்பாட்டுக்கு முன்னால், சீஸும் வறுத்த முந்திரியும் வைத்து, வாசலில் வெயில் இருக்கும்போதே திறப்போம். தனியாகக் குடித்தால்தான் அந்தக் குடும்பம் பட்ட பாடு நாக்குக்குத் தெரியும். பிரியாணி வந்ததும் நாசிக். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ குடிக்க வேண்டும் என்று எழுதிவைத்தவர்கள் பதினாறு, பதினேழு டிகிரி அறையில் இருந்தவர்கள். எங்கள் அறை ஜனவரி இரவில் அதற்கும் கீழே போகும். அதனால் பாட்டில்களை ஒரு மணி நேரம் முன்னாலேயே அடுப்படி மேடைக்கு மாற்றிவிட வேண்டும். அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் அல்ல, மேட்டுப்பாளையம் மறக்கவில்லை.

அப்புறம் ஒன்று. கடைசி நேரத்தில் எலைட் கடைக்கு ஓடலாம் என்று இருக்கக் கூடாது. பொங்கலுக்கு மறுநாள் திருவள்ளுவர் தினம். கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே எழுதியவர் நாளில் டாஸ்மாக் திறக்காது. முந்தின வாரமே வாங்கிவைத்துவிடுகிறேன்.

மாமாவுக்கு மட்டும் ஒரு சின்ன ஏற்பாடு. இரண்டு ஒயினையும் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி ஜக்கில் ஊற்றி, எது ஆர்கானிக் என்று சொல்லாமல் அவர் முன்னால் வைக்கப்போகிறேன். அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள் வாயில் ரகசியம் நிற்காது என்பதால் ஜக்குகளைக் கடைசி நிமிஷத்தில் நானே இடம் மாற்றிவிடுவேன்.